களத்தில் காய்ந்த டேப்

1. எழுபதுகளில், மன்னார்குடியில் கல்லூரி படித்த நாலு பேர் கிடாரும் டிரம்ஸுமாக ஒரு ராக் இசைக்குழு தொடங்கினார்கள். பாடியவர் என் பெரியப்பா.
2. கல்லூரி விழாவில் வாசித்தார்கள். பிறகு குடவாசலில் ஒரு கல்யாணம். அங்கே பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.
3. சம்பா அறுவடைக்கு ஊருக்குப் போன டிரம்ஸ்காரர் திரும்பவில்லை. குழு முடிந்தது. மிஞ்சியது, மூன்று பாட்டு பதிவான ஒரு டேப் ரீல்.
4. ஒரு புயலில் ஓடு பறந்து, பரணில் இருந்த ரீல் நனைந்தது. பெரியம்மா காயவைத்தார்.
5. போன வருஷம் புற்றுநோய்க்காகப் பெரியப்பாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் ரீல் என்னிடம் வந்தது. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். அவர் பாடிய குரல் வேறெங்கும் இல்லை.

"எப்படிக் காயவச்சீங்க பெரியம்மா?"

"நெல்லு மாதிரிதான். களத்துல முழுசா உருவிப் போட்டு, காலால துழாவி விட்டேன். நனைஞ்ச நெல்லு எத்தனை மூட்டை காப்பாத்திருக்கேன், இது என்ன பிரமாதம்?"

டேப் முழுக்க நெல் சுணை, அந்த அரிக்கிற பொடி முள், ஒட்டியிருந்தது. உள்சுற்றில் கால் பட்ட மடிப்புகள். குரல் இருப்பது டேப்பின் மேலுள்ள மெல்லிய பூச்சில். ஓடும்போது சுணை அதைச் சுரண்டிவிடும்.

கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். பெரியப்பா எதிரில் உட்கார்ந்து, செல்போனில் 'போடு' என்று எழுதிக் காட்டினார். போட்டேன். ஓட ஓடப் பாட்டு கணினியில் பதிவாகும்படி இணைத்திருந்தேன்.

இரைச்சல். பிறகு ஓர் இளைஞனின் குரல், கிடாரை முந்திக்கொண்டு.

"யாருடி இது?" என்றார் பெரியம்மா. பிறகு புரிந்து, "எங்கிட்ட ஒருநாளாவது பாடிருக்கீங்களா? கட்டினவளுக்குக் கிடையாது, குடவாசல்காரனுக்குத்தான்!"

பெரியப்பா சிரித்தார். கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்தது.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திப் பார்த்தேன். டேப் உரசி ஓடும் ஹெட்டில், உரிந்த பூச்சு பழுப்புத் தூளாக அப்பியிருந்தது. ஓடிய பகுதியில் பாட்டு இனி இல்லை. மடிப்புகள் எல்லாம் மூன்றாவது பாட்டில்.

பெரியப்பா எழுதினார்: 'மூணாவதுதான் நல்லா வந்துச்சு.'

"போடேன்டி," என்றார் பெரியம்மா.

இரண்டு பாட்டு கணினியில் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாவது ரீலிலேயே இருக்கிறது. ஒரே ஒரு முறைதான் ஓடும், நடுவில் அறுந்தும் போகலாம். நான் இன்னும் போடவில்லை.