கித்தா வெட்டிய மணியம் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை. ஈப்போவுக்கு அருகே பத்து காஜா ஊரில் நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் முதல் ஆளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் மணியம் அண்ணன் பெயர் மின்னியது. "சொல்லுங்கண்ணே, சனிக்கிழமை வேன் எத்தனை மணிக்கு வருது?" என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அவர் மனைவி சரசு அக்கா. "உங்கண்ணன் போயிட்டாரும்மா ரேவதி. பசியாற உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் மட்டும் வெகுநேரம் எனக்குக் கேட்கவில்லை.

மாடிக்கு வந்துபோனவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வராதவர்களுக்குச் சொல்கிறேன். ஈப்போ பழைய பட்டணத்தில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைக்கு நாங்கள் வைத்த பெயர்தான் மாடி. எண்பது பேர் நின்றால் மூச்சு முட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, வானொலி தொடாத ராக் குழுக்கள் அங்கே வாசிக்கும். அதில் ஒரு குழுவுக்கு நான் பாடகி. கத்துகிறவள் என்றும் சொல்லலாம், என் அம்மா அப்படித்தான் சொல்கிறார். அந்த அறையின் சவுண்டுக்காரர் மணியம் அண்ணன். ஐந்து ஆண்டுகளாக, கறுப்பு டீ-சட்டைகளுக்கு நடுவே கோடு போட்ட சட்டையும் கழுத்தில் துண்டுமாக, பின்சுவர் ஓரம் ஒரு சின்ன விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் நின்றார்.

அவர் வந்து சேர்ந்ததே ஒரு தவறுதலால். வழக்கமாக வரும் சவுண்டு ஆள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். மாடியின் சொந்தக்காரர் எங்கோ பார்த்த ஒரு ஸ்டிக்கரிலிருந்து எண்ணை எடுத்து அழைத்தார். "மணியம் ரேடியோ செட், கல்யாணம், திருவிழா, சகல விசேஷங்களுக்கும்." வந்தவர் மைக்கை ஊதிப் பார்த்து, பழக்கதோஷத்தில், "பக்தகோடிகள் முண்டியடிக்காமல் வரிசையாக வரவும்" என்றார். அறையே சிரித்தது. பிறகு எங்கள் தினேஷ் கிட்டாரில் முதல் இழுப்பு இழுத்தான், ராக் கிட்டார் எப்படிக் கரகரக்குமோ அப்படி. அடுத்த நொடி எல்லாம் அணைந்துபோனது. மணியம் அண்ணன் பாய்ந்து மெயினையே மூடிவிட்டார்.

"யாரும் கிட்ட வராதீங்க! ஸ்பீக்கர் கருகுது!" இருட்டில் ஸ்பீக்கரை மோந்து பார்க்கும் சத்தம்கூடக் கேட்டது.

"அண்ணே, கருகல லா. அதோட சவுண்டே அப்படித்தான்" என்றான் தினேஷ்.

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"அட கடவுளே!" என்றார். முப்பது வருடங்களாக அந்தக் கரகரப்பு வரக்கூடாது என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவர் அவர். நாங்கள் அதைத் தேடி அலைகிறவர்கள். விளக்கைப் போட்டுவிட்டு அன்று அவர் சொன்னதுதான் பிற்பாடு மாடியின் சட்டமானது: "கரகரன்னே இருக்கட்டும். ஆனா சுத்தமா கரகரன்னு இருக்கணும்."

அவர் வாயில் கிட்டார் என்ற சொல் கடைசிவரை வரவில்லை. கித்தா என்பார். ரப்பர் மரத்துக்கு நம் ஊரில் கித்தா மரம் என்றுதானே பெயர்? தோட்டத்தில் பிறந்த நாக்கு அந்தச் சொல்லிலேயே போய் நின்றுவிட்டது. "தோட்டத்தையே அழிச்சு வீடு கட்டியாச்சு, இங்க வந்தும் கித்தாவாண்ணே?" என்று கிண்டல் செய்வோம். சளைக்க மாட்டார். "எங்கப்பா கித்தா வெட்டுனாரு. நானும் சனிக்கிழமையானா கித்தா வெட்டுறேன்" என்பார். கிட்டாரின் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதற்கு அவர் வைத்த பெயர் அது. அதிகம் வெட்டினால் மரம் பட்டுப்போகும், வெட்டாமல் விட்டால் பால் வராது என்று அதற்கு ஒரு விளக்கமும் உண்டு.

ஒருநாள் மாலை தே தாரிக் குடிக்கப் போயிருந்தோம். அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து, அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள், பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஆமாமா, அங்க மீ நல்லாத்தான் இருக்கும்" என்றார், நான் ஏதோ நூடுல்ஸ் கடையைப் பற்றிக் கேட்டதுபோல. எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்தே போயிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் வலது காதைத் தொட்டு, "இவன் ராஜினாமா பண்ணி ரொம்ப வருசமாச்சும்மா" என்றார். திருவிழா என்றால் பத்து நாளும் கூம்பு ஸ்பீக்கருக்கு அடியிலேயே படுத்துக் கிடந்த காது. இடது காதிலும் எல்லாம் கிசுகிசுப்பாகத்தான் கேட்கத் தொடங்கியிருந்தது.

"தினேஷுகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவான்" என்றார். போட்டால் என்ன, கல்யாண வேலைதான் கைநிறைய இருக்கிறதே என்றேன். தலையை ஆட்டினார். "கல்யாணத்துல சவுண்டு கெட்டாதான் என் பக்கம் திரும்பிப் பாப்பாங்க. இங்க கண்ண மூடிக்கிட்டு கேக்குறாங்க. அத விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்றார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

அன்று அந்த மேசையிலேயே அதைச் சமாளிக்கும் வழியையும் அவரே சொன்னார். தேர் ஊர்வலத்தில் ரேடியோ செட் வேன் முன்னால் போகும், தேர் எங்கோ பின்னால் வரும். மேளம் அடிக்கையில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? தேரில் நிற்பவர் துண்டை ஆட்டுவார். மேலே ஆட்டினால் பாட்டை ஏற்று, கீழே அமுக்கினால் குறை. "நீ தேரு, நான் வேனு. எனக்குக் கேக்காதத நீ காட்டு" என்றார். நான் துண்டோடு மேடையேற முடியாது என்பதால் கையாலேயே பேசினோம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல இருமுறை அமுக்கினால், கித்தாவை வெட்டுங்கள். சுண்டுவிரல் காதருகே போனால், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த அறையில் பாடுவது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு என்னால் இதுவரை சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. சிவப்பு விளக்கில் வியர்வை ஆவியாக எழுந்து மின்விசிறிக்குக் கீழே சோம்பலாகச் சுற்றும். சத்தம் ஓரளவைத் தாண்டியதும் அது சத்தமாகவே இருக்காது. இளஞ்சூட்டு நீரில் கழுத்துவரை நிற்பதுபோல் உடம்பின் கனம் போய்விடும். முகங்கள் மெதுவாக மிதந்து வந்து மெதுவாக விலகும். எல்லாவற்றுக்கும் அப்பால் அந்த மஞ்சள் விளக்கும் கோடு போட்ட சட்டையும். கித்தா என் குரலை மூடினால் கையை அமுக்குவேன். மூன்று நொடியில் என் குரல் எங்கிருந்தோ எனக்கே திரும்பி வரும். என்னை அவ்வளவு கவனமாக வேறு யாரும் கேட்டதில்லை. பாதிச் செவிடர் ஒருவர்தான் கேட்டார்.

பிறகுதான் வேடிக்கை. முன்வரிசைப் பிள்ளைகள் அதை என் ஆட்டம் என்று நினைத்துவிட்டார்கள். நான் அமுக்கினால் அவர்களும் அமுக்கினார்கள். ஆறே மாதத்தில் மொத்த மாடியும் அமுக்கியது. லூமுட்டில் ஒரு மண்டபத்துக்குப் பாடப் போனோம். எங்களை நேரில் முன்பின் பார்த்திராத கூட்டம், முதல் பாட்டிலேயே கையை அமுக்குகிறது! என் கையெழுத்து ஆட்டம் என்று யாரோ வீடியோவில் எழுதியும் வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மாட்டிக்கொள்ள இருந்தது ஒரே ஒருமுறை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, தினேஷின் தனி வாசிப்பு. எனக்கு அங்கே வேலை இல்லை, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் தானாகவே அமுக்க ஆரம்பித்தது, எண்பது உள்ளங்கைகள். மணியம் அண்ணன் என்ன செய்வார், பாவம்? வெட்டினார். இன்னும் அமுக்கினார்கள், இன்னும் வெட்டினார். தினேஷ் கண்ணை மூடி உருகி உருகி வாசிக்கிறான், கிட்டாரிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை.

"என்னாச்சு இவருக்கு? காது கேக்குதா இல்லையா?" என்று இறங்கியதும் எகிறினான். மணியம் அண்ணன் வயரைச் சுற்றிக்கொண்டே நின்றார், சுற்றிய வயரையே மறுபடி சுற்றினார். நான் குறுக்கே போனேன். "நான்தான் குறைக்கச் சொன்னேன். உன் வாசிப்பு ரொம்ப நீளம்" என்றேன். பொய். அவன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அன்று மணியம் அண்ணன் வேனில் ஏறும்போது, "எண்பது தேரு ஒரே நேரத்துல துண்ட ஆட்டுனா ஒரு வேனு எங்கம்மா போகும்?" என்றார். சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் சரசு அக்காவிடம், இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும்மா. எனக்குக் கோவம் வந்தா அவரு வலது பக்கம் போய் நின்னு திட்டுவேன். மனுசன் சிரிச்சுக்கிட்டே இருப்பாரு" என்றார். சொல்லி முடித்ததும் அப்படியே உடைந்து அழுதார்.

சென்ற சனிக்கிழமை அவர் நினைவாக மாடியில் வாசித்தோம். பின்சுவர் ஓரம் புதிதாக ஒருவர், கையில் பலகைக் கணினியோடு, திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் விளக்கு இல்லை. இரண்டாம் பாட்டில் கிட்டார் சத்தத்தில் என் குரல் எனக்குக் கேட்காமல் போனது. என்னையறியாமல் கை எழுந்து இருமுறை அமுக்கியது. அறை முழுவதும் அமுக்கியது. சிவப்பு வெளிச்சத்தில் எண்பது கைகள், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் மெதுவாக. யாரும் எதையும் குறைக்கவில்லை. நான் இன்னும் அமுக்கிக்கொண்டே, அவர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினேஷ் என் கண் போன திசையைப் பார்த்தான். வெறும் சுவர். பிறகு என் கையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து தன் சத்தத்தைத் தானே குறைத்தறியாத அந்த மனிதன், குனிந்து தன் கிட்டாரின் திருகை மெல்லத் திருப்பினான். என் குரல் திரும்பி வந்தது.

இறங்கியதும், "அவருக்குக் காது கேக்கலதானே? எத்தனை வருசமா கையாலயே சொல்லிக்கிட்டிருந்த?" என்றான்.

"நாலு."

"அப்ப அன்னைக்கு..."

"ஆமா."

கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான். "ரெண்டு காதும் நல்லா இருந்து எனக்கு என்ன பிரயோசனம், சொல்லு?" என்றான்.

மணியம் அண்ணே, சத்தியத்தை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். வேனை விற்கப் போகிறார்கள். துண்டைச் சரசு அக்கா வைத்துக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டது இந்தக் கையசைவை. இனி மாடியில் இதைப் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: அது ஆட்டம் இல்லை. தேரிலிருந்து வேனுக்குப் போகும் பேச்சு.