முப்பதாவது நோன்பின் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை. நெய்வேலியில் கரிக்குக் கீழே தண்ணீர் எப்போதும் முட்டிக்கொண்டு நிற்கும். இரவு பகலாகப் பம்ப் போட்டு அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே இருக்கிற கரியை வெட்ட முடியும். கல்யாணமான புதிதில் அவர் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. வேலை என்றால் எதையாவது உண்டாக்குவது என்று நினைத்திருந்தவள் நான். இவரோ ஷிப்டுக்குப் போய்த் தண்ணீரை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து குளிப்பார். "நான் ஒரு நாள் அசந்தா சுரங்கம் ஏரியாயிடும், தெரியுமா?" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அவருக்குத்தான் இரண்டு கிட்னியும் போயின. சர்க்கரை வியாதி சத்தமில்லாமல் தின்று முடித்திருந்தது. எங்களுக்குத் தெரிந்தபோது கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் போயிருந்தது. புதனும் சனியும் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய் டயாலிஸிஸ் செய்துகொண்டு திரும்புவோம். உடம்பில் தேங்கிய தண்ணீரை அந்த மெஷின் உறிஞ்சி எடுத்துவிடும். முதல் தடவை அதன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "இதுவும் பம்ப்புதான். இப்ப என்னை இறைக்கிறாங்க" என்றார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் எங்களுக்குச் சிரிக்க வந்தது.

தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொன்ன பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். டீ, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அந்த அரை லிட்டருக்குள் அடக்கம். அதற்கு மேல் போனால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். காலையில் ஒரு பாட்டிலில் அவருடைய பங்கைப் பிடித்து வைப்பேன். அவர் டீ குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவேன். மாத்திரைக்குக் கொஞ்சம் ஊற்றுவேன். மத்தியானத்துக்குள் பாட்டில் தீர்ந்துவிடும். அதன் பிறகு மிச்சப் பொழுது முழுவதும் நாக்கை உதட்டில் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் பிளாக்கில் தினமும் காலையில் மேல்தொட்டி நிரம்பி வழியும். அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

எங்கள் தண்ணீர்ப் பானையைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு மாற்றினேன். அந்த வீட்டுக்காரிக்கு ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்குப் பதிலாகப் புருஷனுக்கு வேலை கிடைத்துக் குடிவந்தவள். "கொண்டாந்து வையிக்கா, நம்ம வூட்ல எடமா இல்ல?" என்று தன் சமையல்கட்டிலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தாகம் எடுத்தால் நான் அங்கே போய்க் குடிப்பேன். குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்க முடியாத வாழ்க்கை. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் "சபூர் செய்மா" என்பார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து, டீயைக் குடித்து, சபூர் செய்யச் சொல்லிவிட்டுப் போவார்கள். பொறுமை என்கிற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் ரமலான் ஆனியின் கடைசியில் தொடங்கியது. அனல் காற்று. பள்ளிவாசல் ஹஜ்ரத் வீடு தேடி வந்து, "பாய், உங்களுக்கு நோன்பு கடமை இல்லை. ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்துடுங்க. அல்லாஹ் மனுஷனால முடியாததைக் கேக்குறதில்ல" என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் எந்தத் தப்பும் கிடையாது. இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஹஜ்ரத் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஊருக்கெல்லாம் சாயங்காலம் மஃரிபு பாங்கு சொன்னா தாகம் முடிஞ்சிடுது. என் தாகத்துக்கு யாரு பாங்கு சொல்லுவாங்க?"



பிளாக்கைக் கூட்டிப் பெருக்க வரும் கான்ட்ராக்ட் அம்மாவுக்குத் தினமும் ஒரு சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதை இவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். "என் நோன்பைச் சாப்புட்டு முடிச்சாச்சா?" என்று கேட்பார். கிண்டலாகத்தான் கேட்பார்.

நான் நோன்பு வைத்தேன். சாயங்காலம் பாங்கு சொல்கிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வீட்டுச் சமையல்கட்டில் நின்றபடி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து நோன்பு திறப்பேன். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வந்து நின்றுவிட்டார்.

"நம்ம வீட்ல வந்து தொற. எனக்கு எதிர்ல குடி."

"வேணாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"நீ ஒளிஞ்சி குடிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு."

அன்றிலிருந்து அவர் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து நோன்பு திறந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அவர் ஷிப்டு முடிந்து வந்ததும் மோர் குடிக்கிற டம்ளர். அதில்தான் குடிக்கச் சொல்வார். நான் குடிக்கும்போது என் தொண்டையையே பார்ப்பார். "நிதானமா குடி. ஏன் அவசரம்?" என்பார். பகலெல்லாம் வறண்ட தொண்டைக்கு அந்தத் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருக்கும் என்று நோன்பு வைத்தவர்களுக்குத் தெரியும். அவர் முன்னால் உட்கார்ந்து குடித்த நாட்களில் எனக்கு அது வெறுமனே இறங்கியது. அல்லாஹ் மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததை நினைத்துப் பயமும் வந்தது. நோன்பு வைத்துக்கொண்டு, கையேந்தி துஆ கேட்கும்போதே, உனக்கு இவரிடம் எடுப்பதற்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று மனசு கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"பகல் பூரா நான் ஒண்ணும் குடிக்கலைன்னு வச்சிக்க. அந்த அரை லிட்டரும் மிச்சம்தானே?"

"ஆமாம்."

"அப்ப மஃரிபுக்கு அந்தப் பெரிய டம்ளர்ல முழுசா ஒரு டம்ளர் குடிக்கலாம். ஒரே மூச்சுல. அளவு தாண்டாது."

நோன்பு வைத்தால்தான் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் கிடைக்கும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சொட்டுச் சொட்டாக வாழ்ந்த மனிதருக்கு, வயிறு நிறையக் குடிப்பதற்கு இருந்த ஒரே வழி அது. அவர் நன்மையை நினைத்துக் கேட்டாரா, தண்ணீரை நினைத்துக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் அவருக்குள் ஒன்றாகிவிட்டிருந்தன.

அடுத்த முறை போனபோது நர்ஸிடம் கேட்டேன். முதலில் திட்டினாள். பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, "டயாலிஸிஸுக்கு முந்தின நாளா இருந்தா, பிரஷர் நல்லா இருந்தா, ஒரே ஒரு நாள். மாத்திரையை நேரம் மாத்திக் குடுங்க" என்றாள். அப்படியென்றால் செவ்வாய் அல்லது வெள்ளி. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அவருக்குக் குளிர் ஜுரம். அதற்கடுத்த செவ்வாய் பிரஷர் இறங்கிக் கிடந்தார். மற்ற வாரங்களும் இப்படியே கைநழுவின. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. அது முப்பதாவது நோன்பு.

முப்பதாவது நோன்பு என்பது பிறை கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை தெரிந்துவிட்டால் மறுநாள் பெருநாள். எங்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வானம் ஒரு வாரமாக மூட்டம் போட்டிருந்தது. முப்பது நிச்சயம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அந்தச் செவ்வாய்க்கிழமையின் மேல் எங்கள் பாரத்தை எல்லாம் இறக்கி வைத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமையே அவர் தயாராகிவிட்டார். முகச்சவரம் செய்துகொண்டார். அந்த டம்ளரைத் தானே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "கஞ்சி வேணாம். கஞ்சி குடிச்சா அது தண்ணியோட பங்கைத் தின்னுடும். ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணி, போதும்" என்றார். விடிவதற்கு முன் சாப்பிடுகிற சஹருக்கு என்ன சமைப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். ரொம்ப மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வரப்போகிற நாளின் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் நோன்பு திறந்துவிட்டுத் தொழுது முடித்தேன். வெளியே பிளாக்குப் பிள்ளைகள் எல்லாம் தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வானத்தில் பவர் ஹவுஸ் புகையும் மேகமும்தான் இருந்தன. மனசுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள். வேறு ஊரில் பிறை தெரிந்துவிட்டதாம். நாளை பெருநாள். தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

பிறை தெரிந்ததற்கு அழுத முஸ்லிம் பெண் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "எங்கேயோ எவனுக்கோ மானம் தெளிவா இருந்திருக்கு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி அவள் வீட்டு ஆடிக் கூழோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கு ஏங்க்கா அழுதுகினு கீற? நாளைக்கி நோம்பு இருந்துட்டுப் போவட்டும்."

"பெருநாள் அன்னைக்கு நோன்பு வைக்கக் கூடாதும்மா. ஹராம்."

"அப்ப நோம்பு இல்லாம ஒரு டம்ளர் தண்ணி குடு. இன்னா ஆயிடப் போவுது? பாய் மூஞ்ச பாக்க முடியலக்கா."

அவள் சொன்னது எனக்கும் சரியென்று பட்டது. அவள் வீட்டுக்குப் போய், எங்கள் பானையிலிருந்து அந்த டம்ளரை நிரப்பி, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம். நோன்பு இல்லாம குடிச்சா திருடிக் குடிக்கிற மாதிரி இருக்கு. பெருநாள் கழிச்சி ஆறு நோன்பு வைப்பாங்கல்ல, அதுல ஒண்ணு வச்சிக்கிறேன். வெள்ளிக்கிழமை வச்சிக்கலாம். சனிக்கிழமை டயாலிஸிஸ்தானே?"

"ஆமாங்க. வெள்ளிக்கிழமை வச்சிக்கலாம்."

அந்தத் தண்ணீரை நானும் குடிக்கவில்லை. வாசலில் இருந்த முருங்கைக்கு ஊற்றினேன்.

பெருநாளுக்குக் குறிஞ்சிப்பாடியில் கட்டிக் கொடுத்த மகள் வந்திருந்தாள். இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். புதன்கிழமை மெஷினில் படுத்திருந்தபோது பிரஷர் இறங்கிவிட்டது. பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார். தாகம் தாகம் என்று கிடந்தவருக்கு உள்ளே முழுக்கத் தண்ணீர். எனக்கு அந்த டாக்டரின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் என்ன செய்வார். அன்றைக்குச் சாயங்கால அஸர் பாங்கு சொல்வதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் நோன்பு வைப்பதாக இருந்த வெள்ளிக்கிழமை காலையில் மையித்தைக் குளிப்பாட்டினார்கள். ஆண்கள்தான் குளிப்பாட்டுவது வழக்கம். நானும் நிற்பேன் என்றேன். அவருடைய அண்ணன் முகத்தைச் சுளித்தார். ஹஜ்ரத், "பொண்டாட்டிக்கு அந்த உரிமை இருக்கு. விடுங்க" என்றார். வீட்டுக்குப் பின்னால் துணியால் மறைப்புக் கட்டி, பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் நிற்காமல் வந்தது. எல்லாம் சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர்தான். அண்டா அண்டாவாகப் பிடித்துக் கொடுத்தார்கள். தலையில் ஊற்றினோம், தோளில் ஊற்றினோம், வீங்கிய கால்களில் ஊற்றினோம். இத்தனை தண்ணீரை அவர் மேல் பார்த்து எத்தனை நாளாயிற்று. மண்ணெல்லாம் நனைந்து ஓடியது.

நான் யாரிடமும் கேட்காமல் அந்தப் பெரிய டம்ளரை எடுத்து வந்திருந்தேன். அதில் தண்ணீர் மொண்டு அவர் வாயருகே கொண்டுபோனேன்.

ஹஜ்ரத் கையை நீட்டித் தடுத்தார். "வாய்க்குள்ள தண்ணி போவக் கூடாதும்மா. மையித்துக்கு வாய் கொப்பளிக்கிறது கிடையாது. துணியை நனைச்சி உதட்டைத் தொடச்சி விடுங்க, அது போதும்" என்று மெதுவாகச் சொன்னார். அண்ணன் என் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்தார்.

துணியை டம்ளருக்குள் முழுசாக முக்கி எடுத்தேன். பிழியாமல் அப்படியே அவர் உதட்டில் வைத்தேன்.