நௌபரின் முதுகில் தட்டினேன்

நௌபரின் இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவை போனது என்னால்.

இதை இதற்கு முன் நான் எவருக்கும் சொன்னதில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. கோயிலில் கண்ணை மூடி நின்ற வேளைகளிலும் இந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைத்தான் முறையிட்டிருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? நீங்கள் என்னை அறியாதவர், அதனால்தான். இதைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள்!

நான் கயிறு இழுப்பவன். சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள், எனக்குப் பழக்கந்தான். எட்டுப் பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம், நடுவே சிவப்புத் துணி கட்டிய தடித்த கயிறு. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், பண்டசாலையில் மூட்டை இறக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரு அணி இருந்தது. பொங்கல், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் எங்களை வெல்ல ஆளில்லை என்ற பெயரும் இருந்தது. பதினொரு வருடங்கள் அந்த அணியின் கடைசி ஆள் நான்.

கடைசி ஆள் பாரமானவனாக இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் ஏழு பேரும் சறுக்கினாலும் அவன் நகரக் கூடாது. நான் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாகவே வரும். தையற்காரர் அளவெடுக்கும்போது இரண்டு தரம் நாடாவைப் பார்ப்பார். லிங்கநகரில் என் வீட்டுக்கு வழி கேட்டால், "ஆனையின்ர வீடோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாள் முழுவதும் எனக்கு வெட்கமாக இருந்த உடம்பு, அந்தக் கயிற்றின் நுனியில் மட்டும் பெருமையாக இருந்தது... இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மன்னிக்க வேண்டாம், விளங்கிக்கொண்டால் போதும்.

கடைசி ஆள் கயிற்றைப் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. கயிறு அக்குளுக்குள் நுழைந்து, முதுகைக் குறுக்கே கடந்து, மறுதோளால் இறங்கி வரும். மிச்சக் கயிறு தரையில் சும்மா கிடக்க வேண்டும். அதை இடுப்பில் முடியக் கூடாது, கையில் சுற்றவும் கூடாது. சுற்றினால், கயிறு திடீரென்று ஓடும்போது கையை விடுவிக்க முடியாது.

எங்கள் அணியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. விசில் ஊதுவதற்கு முன், வெளியில் நிற்கும் ஒருவர் முதலாம் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை ஒவ்வொருவரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டு வருவார். எல்லாம் ஒழுங்கென்றால் கடைசி ஆளின் முதுகில் தட்டி, "சரி" என்பார். அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் எட்டுப் பேரும் மூச்சை இழுத்துக் கயிற்றை இறுக்குவோம். தட்டிவிட்டால் பிறகு ஒருவரும் குனிந்து தன் கையைப் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை!

ஒரு தை மாதம், பயிற்சியின்போது என் வலது முழங்கால் போனது. நனைந்த தரையில் குதிகால் புதைந்தது, உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. நாலு பேர் தூக்கப் பார்த்தும் முடியாமல், மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியில்தான் என்னைக் கொண்டுபோனார்கள். நோவோடு நோவாக எனக்கும் சிரிப்பு வந்தது.

டாக்டர் முழங்காலின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். உடற்பயிற்சி செய்து தசையைப் பலப்படுத்தினால் ஆறு மாதத்தில் மறுபடி இழுக்கலாம், ஆனால் சவ்வு இன்னொரு தரம் கிழிந்தால் பொறுப்பில்லை. அல்லது இப்போதே நிறுத்திவிட்டால் ஐம்பது வயதிலும் தடியில்லாமல் நடக்கலாம். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

"விட்டுடுங்கோ. நடக்கக் காலிருந்தாக் காணும்," என்றாள் என் மனைவி சுகந்தி.

அவள் சொன்னது நியாயம். ஆனால் விட்டுவிட்டால் நான் யார்? பாரமான ஒரு மூட்டைக்காரன். அவ்வளவுதானே! இரவு பகலாக இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் திரும்பிப் போவேன் என்று இருக்கும், மாலையில் போகமாட்டேன் என்று இருக்கும். எப்படியானாலும் ஒன்றில் மட்டும் தெளிவாக இருந்தேன். முடிவெடுக்கும் வரை என் இடம் எனக்காகக் காத்திருக்க வேண்டும்.

அது காத்திருக்கவில்லை. நௌபர் வந்தான்.

நௌபர் கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணி. படகு இயந்திரம் திருத்துபவன். வேலை குறைந்த நாட்களில் எங்களோடு மூட்டை இறக்க வருவான். எனக்கு ஒத்த வயது, என்னைவிடப் பத்துக் கிலோதான் குறைவு. அணியில் ஐந்தாம் ஆளாக நின்றவனை முத்து அண்ணை கடைசிக்கு மாற்றினார். முத்து அண்ணை எங்கள் மேற்பார்வையாளர், அணியையும் அவர்தான் நடத்தினார்.

நௌபருக்கு ஒரு கைப்பழக்கம் இருந்தது. சிறுவயதிலிருந்து களப்புத் தண்ணீரில் தோணி இழுத்த கை. கயிறு வழுக்கினால், அவன் அறியாமலே அது உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். பயிற்சியில் எத்தனை தரம் நானே போய் அந்தச் சுற்றைக் கழற்றிவிட்டிருக்கிறேன்! "சுத்தாதை மச்சான், சுத்தாதை." அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பான்.

ஆகவே எனக்குத் தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று அந்த மைதானத்தில் மற்ற எவரையும்விட எனக்குத்தான் தெரியும்.

சித்திரை விழா வந்தது. எதிரணி சீனன்குடாப் பொடியன்கள், நல்ல பலசாலிகள். எனக்கு முழங்காலில் இன்னும் கட்டுப் பட்டி. சும்மா இருக்க வேண்டாம் என்று, முதுகில் தட்டும் வேலையை முத்து அண்ணை எனக்குத் தந்தார். முதல் இழுப்பில் எங்கள் அணி வென்றது. நௌபர் ஓரடி நகரவில்லை. சனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், என்னை அறியாதவர், பக்கத்து ஆளிடம் சொன்னார்: "பழைய ஆளைவிட இவன் திறம்."

இரண்டாம் இழுப்பில் தோற்றோம். வெயிலில் நௌபரின் கை வியர்த்து வழுக்கியதுதான் காரணம். மூன்றாவதுதான் முடிவு.

நான் முதலாம் ஆளிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். கை, கால், கை, கால். எல்லாம் ஒழுங்கு. கடைசி ஆளிடம் வந்தேன். மிச்சக் கயிறு தரையில் இல்லை. நௌபரின் இடக்கையில் இரண்டு சுற்று.

பார்த்தேன்.

தெளிவாகச் சொல்கிறேன், பிறகு நீங்கள் எனக்காக ஒரு சாக்குக் கண்டுபிடிக்கக் கூடாது. வெயில் கண்ணில் அடிக்கவில்லை. ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அந்தக் கையைப் பார்த்தேன், அது என்ன என்று அறிந்தேன், முதுகில் தட்டி, "சரி" என்றேன்.

என்ன நினைத்தேன்? இதை என்னிடமே ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். விரல் போகும் என்று நினைத்தேனா? இல்லை... சத்தியமாக இல்லை. தோல் உரியும் என்று நினைத்தேன். வலியில் விட்டுவிடுவான், அணி தோற்கும், முத்து அண்ணை என் பக்கம் திரும்பி, "நீ இல்லாமல் ஏலாதடா," என்பார். அதைத்தான் நினைத்தேன். ஒரு வசனத்துக்காக! அதுவும் நானே மனதுக்குள் எழுதிவைத்த வசனத்துக்காக!

விசில் ஊதியது. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அசையவில்லை. பிறகு எங்கள் மூன்றாம் ஆள் சறுக்கினான், கயிறு ஒரே பாய்ச்சலாக முன்னால் ஓடியது. நௌபர் கத்தினான். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் சின்ன விரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள். வாசலில் முத்து அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீ தட்டேக்க அவன்ர கையைப் பாத்தனியோ?"

"பாத்தனான் அண்ணை. அப்ப சரியாத்தான் இருந்தது. பிறகு சுத்தியிருப்பான் போல."

அவர் தலையாட்டினார். நம்பினார். நௌபரின் கைப்பழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே! ஒரு பொய்கூட முழுதாகத் தேவைப்படவில்லை, அரைப் பொய்யே போதுமாயிருந்தது.

மறுநாள் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி படுத்திருந்தான். என்னைக் கண்டதும் முதலில் அவன்தான் பேசினான்.

"மச்சான், நீ எத்தின தரம் சொன்ன, சுத்தாத சுத்தாதண்டு. நீ தட்டினாப் பிறகு சுத்தினனோ, முதலே சுத்தினனோ, எனக்கு ஞாபகமே இல்ல. என்னண்டாலும் நான்தான் பிழ உட்டுட்டன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அவனுக்கு ஞாபகமில்லை, எனக்கு இருந்தது. நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

இன்று அவன் கடையில் இயந்திரத்தை அவன் தம்பிதான் கழற்றிப் பூட்டுகிறான். நௌபர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறான். சின்ன ஆணிகளை அந்தக் கையால் பிடிக்க முடிவதில்லை. கீழே விழுந்தால் அவனே குனிந்து தேடுகிறான்.

ஆடி மாதம் என் முழங்கால் குணமானது. டாக்டர் மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், "தாராளமா இழுக்கலாம்," என்றார். முத்து அண்ணைக்குச் சந்தோசம். அணிக்கு வேறு கடைசி ஆள் இல்லை. நான் மனதுக்குள் எழுதிவைத்த அதே வசனத்தை அவர் சொன்னார். "நீ இல்லாமல் ஏலாதடா!" கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை, உள்ளே ஒரு துளி இனிப்பும் இல்லை.

பயிற்சிக்குப் போனேன். அக்குளுக்குள் கயிறு, முதுகில் கயிறு, தோளில் கயிறு. கால் உறுதியாக நின்றது. பின்னால் வந்த ஒருவர் என் முதுகில் தட்டினார்.

எல்லோரும் மூச்சை இழுத்துக் கயிற்றை இறுக்கிய அந்த நொடியில் என் இரண்டு கைகளும் கயிற்றை விட்டுவிட்டன. முன்னால் நின்ற ஏழு பேரும் குப்புற விழுந்தார்கள்.

"என்னடா?" என்று ஓடி வந்தார் முத்து அண்ணை. "முழங்கால் அண்ணை," என்றேன். மறுநாளும் முயன்றேன். தட்டு விழுந்ததும் மறுபடி அதேதான். மறுபடி "முழங்கால்" என்றேன். மூன்றாம் நாள், இனி இழுக்க ஏலாது, நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வருவதா, விடுவதா என்று எத்தனை மாதம் மண்டையை உடைத்தேன்! கடைசியில் முடிவெடுத்தது நானுமில்லை, காலுமில்லை.

சுகந்தி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். நல்ல முடிவு என்றாள்.

அங்கேயே நின்றிருந்தால் என் குற்றம் அந்தத் தட்டு, அந்தப் பொய் என்று இரண்டோடு முடிந்திருக்கும். ஆனால் சனத்துக்குக் கதை வேண்டும். டாக்டர் கால் சரி என்று சொன்னது வெளியே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் ஏன் விட்டான்? அவர்களே ஒரு பதிலும் கண்டுபிடித்தார்கள். சிநேகிதனுக்கு நடந்ததைப் பார்த்து மனம் நொந்து, அவனுக்காக விட்டுவிட்டானாம்! தேநீர்க் கடையில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கதை கிண்ணியாப் பாலத்தைக் கடந்து குறிஞ்சாக்கேணிக்கும் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, நௌபர் மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எனக்காகவாடா உட்ட?"

இப்போதாவது... என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"ஓம்," என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். குசினியிலிருந்து வந்த சுகந்தியும் அழுதாள். நான் அழவில்லை.

இரண்டு வருடங்களாகிவிட்டன. பெருநாளுக்கு அவன் வீட்டுச் சாப்பாடு எங்களுக்கு வராமல் இருப்பதில்லை. நான் பெரிய மனிதன் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? என்னை வெறுப்பான். அதை நான் தாங்குவேன். ஆனால், பிழை விட்டது தானில்லை என்று அறிவான்... அதை அறியும் உரிமை அவனுக்கு உண்டு, அதையும் சேர்த்துத்தான் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமையும் வந்தான். கையில் ஒரு போத்தல் எண்ணெய். கிண்ணியாவில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரிசாரி காய்ச்சியதாம், மூட்டு நோவுக்குக் கைகண்டதாம்.

"மழ வரப் போகுது. நோகுதா மச்சான்?"

"கொஞ்சம் நோகுது," என்றேன்.

நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தான். எண்ணெயை ஊற்றி, அந்த மூன்று விரல்களால் முழங்காலை உருவத் தொடங்கினான். நோவு சிறிதும் இல்லாத கால். அவன் உருவி முடிக்கும்வரை நீட்டிக்கொண்டிருந்தேன்.