முதல் வண்டியில் ஏறியவர்கள்

பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து நல்ல பெயர் எடுத்தவன் இன்னும் பிறக்கவில்லை. வண்டி நேரத்துக்கு வந்தால் அது டிரைவரின் திறமை. வராவிட்டால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற ஆளைப் பிடித்து ஜனம் உலுக்கிவிடும். அதிலும் ஒரு திட்டு இருக்கிறது. இவ்வளவு நேரம் ஒன்றையும் காணோம், இப்போது பார், நாலு வண்டி சேர்ந்தாற்போல் வருகிறது, உள்ளே உட்கார்ந்து என்னய்யா பண்ணுகிறீர்கள் என்பார்கள். இந்தத் திட்டு மட்டும் தன் காதில் விழக்கூடாது என்பது நம் டைம் கீப்பரின் வைராக்கியம். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி விட்டு அனுப்புவதில் அப்படியொரு கறார். கொஞ்சம் தாமதித்துக் கிளம்பினாலும் அறிக்கை எழுதிவிடுவார். டிரைவர்கள் நேரில் பார்த்தால் அண்ணே என்பார்கள், தலை மறைந்ததும் அலாரம் என்பார்கள்.

அந்த அறிக்கைகளில் பாதி ஒரே ஆளின் மேல். அந்த டிரைவருக்குப் பணிமனை வைத்த பெயர் வில்லங்கம். தினமும் தாமதம், கேட்டால் சட்டம் பேசுவான். சுற்றறிக்கை வந்தால் மற்றவர்கள் முதல் வரியோடு விட்டுவிடுவார்கள். இவன் அடியிலிருக்கிற பொடி எழுத்து வரைக்கும் படித்து, எங்கே ஓட்டை என்று துழாவுவான். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

இப்படி இருக்கையில் டைம் கீப்பரின் மனைவிக்கு ரத்தத்தில் நோய் வந்தது. பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து கசிந்த ரத்தம் நிற்கவே மாட்டேன் என்றது, அதுதான் ஆரம்பம். மருந்து ஏற்ற ஏற்ற பிளேட்லெட் இறங்கும், இறங்கினால் ரத்தம் உறையாது, நாலு வாரத்துக்கு வாரம் ஒரு தடவை பிளேட்லெட் ஏற்றியே ஆக வேண்டும், ஒவ்வொரு தடவையும் ரத்தம் கொடுக்க மூன்று பேரைக் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்து வைத்தால் சில நாளைக்கு மேல் தாங்காதாம். அதனால் முன்கூட்டியே சேர்த்து வைக்கவும் வழியில்லை.

ஊழியர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. டூட்டி மாற்றிக்கொள்வதும் டயரைப் பற்றிப் புலம்புவதும் அதில்தான். யாரிடமும் ஒன்று கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அதில் ஓர் உரையாடலைத் தொடங்கினார். முதல் பதிவில் முதல் வாரத்துத் தேதிக்கு ஒரு காலண்டர் நிகழ்வு, அதன் அடியில் 'வருகிறேன்' என்று ஒரு பட்டன். அடுத்தடுத்த பதிவுகளில் மற்ற மூன்று தேதிகள். ஒரே உரையாடலுக்குள் நாலு நிகழ்வுகள். அலுவலகக் கணினியில் நாலும் வரிசையாக, வண்டிகள் புறப்பட நிற்பது மாதிரியே தெரிந்தன.

சாயங்காலத்துக்குள் உரையாடலின் தலைப்பில் பன்னிரண்டு என்ற எண் ஏறிவிட்டது. நாலு வாரம், வாரத்துக்கு மூன்று பேர். அளந்து வைத்தது போல இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கணினியை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"ஏம்மா, பன்னெண்டு பேர் வர்றாங்க, எனக்காக."

"உங்களைத் திட்டறதுக்கா இருக்கும்ங்க" என்றாள் மனைவி. நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

முதல் தேதி வந்தது. வார்டிலிருந்து இறங்கி ரத்த வங்கிக்குள் கால் வைத்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெஞ்சு, நாற்காலி, ஜன்னல் திட்டு என்று எங்கே பார்த்தாலும் சீருடை. பாதிப் பணிமனை அங்கே உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் முழங்கை மடிப்பில் பஞ்சு, கையில் பிஸ்கட், முகத்தில் அப்படியொரு பெருமை.

"அண்ணிக்கு ஒண்ணுன்னா விட்டுடுவோமா அண்ணே" என்றான் ஒருவன். "விடியறதுக்குள்ள வந்து குடுத்துட்டோம்."

"எல்லாருமா?"

"ஒருத்தர் விடாம."

நன்றி சொல்வதா, தலையில் அடித்துக்கொள்வதா? வங்கியின் நர்ஸ் அவரைத் தனியே அழைத்துப் பேசினாள். மிச்சம் வீணாகாது, மற்ற நோயாளிகளுக்குப் போய்ச் சேரும். ஆனால் ஒரு தடவை கொடுத்தவர் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். அடுத்த வாரத்துக்கு இவர்களில் ஒருவர்கூட ஆக மாட்டார்கள். அவள் சொல்லி முடிக்கவில்லை, பணிமனையிலிருந்து போன். டிரைவரில்லாமல் வண்டிகள் நிற்கின்றன, நிறுத்தத்தில் ஜனம் கத்துகிறது, என்னய்யா நடக்கிறது அங்கே?

ஒருவனின் போனை வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கைபேசியில் முதல் நிகழ்வு மட்டும் பெரிய அட்டையாக மேலே நின்றது. மற்ற மூன்றும் கீழே பதிவுகளுக்குள் மடிந்து கிடந்தன. தலைப்பில் அவர் பார்த்துக் கண் கலங்கிய பன்னிரண்டும் முதல் தேதிக்கு மட்டும் உரிய கணக்கு. எல்லோரும் முதல் வண்டியில் ஏறிவிட்டார்கள். ஆயுள் முழுக்க எதைத் தடுத்தாரோ அது அவர் கையாலேயே நடந்துவிட்டது.

அவசரமாக மற்ற தேதிகளைத் திறந்தார். மூன்றாவதும் நான்காவதும் காலி. இரண்டாவதில் ஒரே ஒரு பெயர். வில்லங்கம். குசும்புக்குத்தான் அழுத்தியிருப்பான் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் முழுவதும் அவர் பார்த்தவர்களிடமெல்லாம் கெஞ்சினார். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. அதான் பன்னிரண்டு பேர் போனார்களே என்று மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அவரும் மச்சானும் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ரத்தம் கொடுத்து முடித்திருந்தார்கள்.

இரண்டாவது தடவை ஏற்ற வேண்டிய நாளன்று காலையில் மனைவியின் கைகளில் நீலநீலமாகப் புள்ளிகள். பிளேட்லெட் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ். ரத்த வங்கி வாசலில் அவர் ஒற்றை ஆளாக நின்றார். சொன்ன நேரம் வந்தது, போனது. வில்லங்கத்தைக் காணோம். இவனை நம்பி நின்றோமே என்று நொந்துகொண்டார். மனைவியிடம் எந்த முகத்தோடு போவது? சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"சார்" என்று பின்னால் குரல் கேட்டது. வில்லங்கம் நின்றான். அவனுக்குப் பின்னால் மூச்சிரைக்க இரண்டு பேர், வேறு பணிமனைச் சீருடையில்.

"இன்னித் தேதிக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன். அதான் பக்கத்து டிப்போவுல போய் நின்னேன். இவங்க டூட்டி முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு."

வில்லங்கம் பேசிக்கொண்டே போனை நீட்டினான்.

"மத்த ரெண்டு தேதிக்கும் மூணு சீட்டுதான்னு வரம்பு போடுங்க சார். மூணு பேர் ஏறினா கதவு சாத்திக்கும், நாலாவது ஆள் அடுத்த வண்டியத் தேடுவான். அந்த வசதி கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு. நீங்க படிக்கல."

"நீ எப்பவுமே இதனாலதான் லேட்டா?" என்றார் அவர் மெதுவாக.

"எதனால?"

"ஆளுக்காக நிக்கறது."

வில்லங்கம் தலையைச் சொறிந்தான். "ஓடி வர்றவங்களக் கண்ணாடியில பாத்துட்டா எனக்கு வண்டிய எடுக்க வரமாட்டேங்குது சார். உங்க கூண்டுக்கு அது தெரியாது. இன்னிக்கும் லேட்டுதான், எழுதிக்குங்க."

எத்தனை அறிக்கை எழுதிய கை அது. இன்று அந்தக் கையால் அவன் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, அவனைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.