தட்டியின் சுவரில் எந்தக் கல்

இரும்பு உருக்கும் உலைக்கு உள்சுவர் கட்டும் கொத்தனாருக்குத் தட்டி என்று பேர் வரக் காரணம் அவர் கைதான். எந்தக் கல்லையும் மரச்சுத்தியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்காமல் சுவரில் ஏற்ற மாட்டார். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுப் பானைகளையெல்லாம் தட்டிப் பார்த்தவர் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

உலைக்கு வரும் தீச்செங்கல் இரண்டு வகை. இரண்டிலும் சிலிக்காவும் அலுமினாவும்தான். அலுமினா கூடக் கூடக் கல் கனக்கும், சூட்டுக்கும் அசையாது. கனத்த கல் உருகிய இரும்பு நிற்கும் கீழ்ச்சுவருக்கு. லேசான கல் அனல் மட்டும் படும் மேல்சுவருக்கு. எது எந்தக் கல், விரிசல் உண்டா என்று தட்டும் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். கீழே லேசானது போய்விட்டால் இரும்பு அதை அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அங்கே நிற்கும் உலைக்காரன் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி.

கொட்டகையில் கனத்த கல் வாசல் பக்கம், லேசானது ஜன்னல் பக்கம் என்பது தட்டி வைத்த முறை. பார்க்காமலே கை போகும். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். காது இரண்டும் அடைத்திருந்தன. எந்தக் கல்லைத் தூக்கினாலும் ஒரே கனமாகத் தெரிந்தது. கீழ்ச்சுவரை முடித்து, மேலே கலவையும் பூசிவிட்டு உலையிலிருந்து வெளியே வந்தவர் அப்படியே நின்றார். கனத்த கல் ஜன்னல் பக்கம் இருந்தது.

"யாருடா இதை மாத்தினது?"

"நான்தான் மாமா. தரையைக் கூட்டினேன்," என்றான் மைத்துனன்.

"எப்போ?"

"நீங்க மாத்திரை போட்டுச் சாஞ்சிருந்தீங்களே, அப்போ."

"முதல்ல சாஞ்சப்பவா, அப்புறம் சாஞ்சப்பவா?"

"ரெண்டு தடவை சாஞ்சீங்களா?"

தட்டி உலைக்குள் இறங்கிப் பூச்சைச் சுரண்டினார். விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தன. தட்டினார். தலையணையைத் தட்டியது போலிருந்தது. சரியாகத்தான் கட்டினோம் என்று தோன்றியது. மறு நிமிஷமே இல்லை என்று தோன்றியது. மறுநாள் உலை மூட்டுவதாக ஏற்பாடு.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி விஷயத்தை அவர் வாயிலிருந்து பிடுங்கினாள்.

"உங்க காது அடைச்சா என் தம்பி ஏங்க வேகணும்?"

"சரியாவும் இருக்கலாம்டி."

"இருக்கலாம்னு சொல்லி அவனை அங்கே நிக்க வைப்பீங்களா?"

காலையில் தட்டி மேஸ்திரியிடம் போனார்.

"எந்தக் கல்லு வச்சேன்னு தெரியலை. மூட்டாதீங்க."

"இத்தனை உலை கட்டின ஆளு நீ. முதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"தெரியலைன்னே சொல்லுங்க."

இடது பக்கம் ஒரு கல்லைப் பெயர்த்துத் தராசில் வைத்தார்கள். கனத்த கல். மேஸ்திரி சிரித்தார். தட்டிக்கு அதுவும் குழப்பமாகத்தான் இருந்தது. மைத்துனன் வலது பக்கம் ஒன்றைப் பெயர்த்தான். தராசுத் தட்டு பாதியோடு நின்றுவிட்டது. லேசான கல். மேஸ்திரி அதன்பின் சிரிக்கவில்லை. எங்கே மாறியது என்று தட்டியால் காட்ட முடியவில்லை. கீழ்ச்சுவர் முழுவதையும் பிரித்தார்கள்.

மறுபடி கட்டும்போது மைத்துனன் ஒவ்வொரு கல்லையும் நிறுத்துக் கொடுத்தான். காது இன்னும் திறக்கவில்லை. தட்டி பழக்கத்தில் தட்டிப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"விரிசல் சத்தம் இல்லையே?"

"இல்லை மாமா."

"கனம்?"

"கனம்தான். ஏத்துங்க."