இரண்டு தெருவுக்குக் கட்டுச்சோறு

எனக்கு டெல்லி மாப்பிள்ளை நிச்சயமானபோது செஞ்சியில் என்னைப்போல அலட்டிக்கொண்ட பெண் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள். மாப்பிள்ளை போளூர்ப் பக்கம்தான், ஆனால் வேலை டெல்லியில். பழைய கோட்டைகளையும் கோயில்களையும் அளந்து வரைபடம் போடும் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. பெண் பார்க்க வந்த அன்று அவர் முகத்தை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. டெல்லி என்று காதில் விழுந்ததே போதுமானதாக இருந்தது.

காலையில் கதவைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை, திரும்பினால் கிருஷ்ணகிரி மலை. பிறந்ததிலிருந்து அதே பாறைகள். அவற்றோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் ஆயுசு முழுக்க அவற்றையே பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பள்ளிக்கூட டீச்சர் ஒருவரிடம் பின்னக் கற்றுக்கொண்டு, டெல்லிக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். அக்னி நட்சத்திரத்தில் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஊர் சிரித்தது. வெளியே சுவரெல்லாம் ‘இந்தி ஒழிக’ என்று தாரில் எழுதிக்கொண்டிருந்த நேரம். நான் உள்ளறையில் ‘பானி, நமக்’ என்று இந்தி உருப்போட்டுக்கொண்டிருந்தேன். எழுதியவர்களுக்குத் தார் வாங்கிக் கொடுத்தவர்களில் என் நைனாவும் ஒருவர்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் அந்த நைனாதான் மூச்சிரைக்க ஓடி வந்தார். டெல்லியில் ஆபீஸ் வைக்க இடம் இல்லையாம், சிப்பந்திகளுக்கு வீடும் இல்லையாம். சின்னச் சின்ன ஆபீஸ்களை எல்லாம் வெளியூருக்கு அனுப்புகிறார்களாம். மாப்பிள்ளையின் பிரிவு வரப்போகிற ஊர் எது தெரியுமா?

“நம்ம செஞ்சிக்கே வருதுடி! பொண்ணு கண்ணெதிர்லயே இருக்கப்போறா!” என்று அம்மாவிடம் சொல்லிக் குதித்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று தெருவே கொண்டாடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாரத தேசத்தில் வேறு ஊரா இல்லை? அழுதேன். பிறந்த வீட்டைப் பிரியப்போகிற துக்கம் என்று சொல்லி ஆளுக்கு ஆள் தேற்றினார்கள். இரண்டு தெரு தள்ளிப் போகிறவளுக்கு என்ன பிரிவு என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து புது வீட்டுக்குக் கிளம்பிய அன்று அம்மா ஒரு பெரிய தூக்கு நிறையப் புளிச்சோறும், ஒரு டின் நிறைய முறுக்கும் கொடுத்தாள். ரயில் பிரயாணத்துக்குக் கட்டுகிற மாதிரி வாழையிலையில் தயிர்ச்சோறு வேறு.

“ரெண்டு தெருவுக்கு இன்னாத்துக்குடி கட்டுச்சோறு? போற வழியில பசிக்குமா?” என்று நைனா கேட்டார். கூட்டம் சிரித்தது.

“பொண்ண வழியனுப்பறப்போ கட்டணும். அவ்ளோதான்” என்றாள் அம்மா.

அதைப் புது வீட்டில் பிரித்துச் சாப்பிடும்போதுதான் என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். பாதிப் பேர் வேறு ஆபீஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு டெல்லியிலேயே தங்கிவிட்டார்களாம். இவருக்கும் அப்படி ஓர் இடம் கிடைத்ததாம்.

“வேணாம்னுட்டேன். செஞ்சிக்குப் போறேன்னு மொத ஆளா கை தூக்கினது நான்தான். நீ அம்மா வூட்டாண்டயே இருக்கலாம் பாரு.”

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அந்தப் பூசாரிக்கே கழுத்தை நீட்டியிருக்கிறேன்! கையிலிருந்த சோற்றை இலையில் போட்டேன்.

“உங்கள யாரு தூக்கச் சொன்னாங்க?”

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். “இன்னா, உனக்கு சந்தோசம் இல்லியா?”

இத்தனை மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். “இல்ல” என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரைக் கொண்டுவந்து காட்டினேன். அதை மடியில் வைத்துப் பின்னலைத் தடவித் தடவிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பிடித்திருந்தது.

டெல்லியிலிருந்து வந்தவர்கள் பாடு என்னைவிட மோசம். ஆபீஸரின் மனைவி பஞ்சாபி. மிளகாய் அரைத்த கையோடு மில்லில் அவருடைய கோதுமையையும் அரைத்துக் கொடுத்துவிட, வீடே சப்பாத்தி தின்று கண்ணில் நீர் விட்டது. நான் கற்ற இந்தியை அவரிடம் செலவழித்தேன். அவர் டெல்லிக் கடைத்தெருவைச் சொல்லிச் சொல்லி அழுவார், நான் கேட்டுக் கேட்டு ஏங்குவேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் வளர்ந்தது.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. டெல்லியில் ஊர் ஏக்கம் பிடித்துக் கிடந்த விழுப்புரத்துக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, நீ இங்கே நான் அங்கே என்று இரண்டு பேருமாக இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டார்கள். சர்க்கார் காரியம், ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து ஒருவழியாக உத்தரவு வந்தது.

திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட எல்லோரும் வந்தார்கள். நைனா, “இங்க இன்னா கொறச்சல்?” என்று கோபித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றார். அம்மா ஜன்னல் வழியாக ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். அந்தத் தூக்கு எங்கே, இது எங்கே!

“இன்னாம்மா இது? ரெண்டு தெருவுக்கு மூட்ட கட்டின. டெல்லிக்கு இவ்ளோதானா?” என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. “அன்னிக்கி போவ முடியலியேன்னு நீ அழுதுனு இருந்த. எனக்குத் தெரியாதா? அதான் அவ்ளோ கட்டினேன். இன்னிக்கி நீ போறியேன்னு நான் அழுதுனு இருக்கறேன். கை ஓடலடி.”

பஸ் கிளம்பிவிட்டது. திண்டிவனம் போய்ச் சேரும்வரை அந்தப் பொட்டலத்தை நான் மடியை விட்டு இறக்கவில்லை.