மார்லிஸ் ஸ்டியரிங் பிடித்த வருஷம்

எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரியாத பெரியவர் என்றால் அது மார்லிஸ் ட்வைட் ஒருத்திதான். வடக்கு டகோட்டாவில் ஹால்விக் மாதிரி ஓர் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. ஒரு ஜோடி செருப்பு வாங்குவதென்றாலும் மைனாட் நகரத்துக்குப் போகவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளே டிராக்டர் ஓட்டுவார்கள். மார்லிஸ் மட்டும் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு புருஷன் ஆர்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவாள்.

அவளும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை செய்கிறோம். வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. பாத்திரம் கழுவுகிற டெல்மர் அவளைச் சீண்டாத நாளில்லை.

"ஏன் மார்லிஸ், உன்னை ஸ்டியரிங் பக்கம் எப்பத்தான் பாக்கறது?"

"ஆர்லின் செத்தப்புறம்" என்பாள் உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லோரும் சிரிப்போம்.

காரணத்தை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பதினேழு வயதில், அறுவடை நேரத்தில், அப்பாவின் தானிய லாரியைப் பின்பக்கம் எடுத்தபோது தம்பி லைலின் கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. காலை எடுக்கவேண்டி வரவில்லை. ஆனால் இன்றைக்கும் அவன் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். "ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தான்னா தேவலை, ரெனே. திட்டவே மாட்டேங்குறான்" என்றாள். அன்றைக்கு இறங்கியவள் இறங்கியவள்தான்.

ஆர்லின் கிராமம் கிராமமாகக் காரில் போய்த் தபால் போடுகிறவர். நாளெல்லாம் ரோட்டில்தான் இருப்பார். திரும்பி வந்ததும் மார்லிஸை எங்கே கொண்டுபோக வேண்டுமோ அங்கே கொண்டுபோவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அவர் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. என் மகள் சிக்னிக்கு ஒன்பது வயது. அவளும் நானும் மட்டும்தான் வீட்டில். சனிக்கிழமை காலையில் எனக்குப் பேக்கரியில் வேலை இருக்கும். சிக்னியின் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி அதே நேரத்தில் பக்கத்து ஊரில். "நான் கூட்டிட்டுப் போறேன், நீ உன் வேலையைப் பாரு" என்று அவராகவே சொன்னார். இரண்டு குளிர்காலம் அப்படித்தான் போயிற்று. மட்டைகளையும் பையையும் தூக்கிப் பின்னால் போடுவார். அவள் முன் சீட்டுக்கு அடம்பிடிப்பாள், "பின்னாடி ஏறு, முதலாளி" என்பார்.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் ஆர்லின் திடீரென்று புதுக் கார் வாங்கினார். கதவு துருப்பிடித்துக் கையோடு வரும்வரை பழைய வண்டியை விடாத மனுஷன். கார் பேசியது. ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கூட இருப்பவர் "நீ எடுத்துக்கோ" என்று சத்தம் போட்டால் போதும், காரே ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் எடுத்துக்கொண்டு ஓரமாய்ப் போய் நிற்கும், ஆம்புலன்ஸையும் கூப்பிடும். ஆனால் யாருடைய குரலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று முதலில் பழக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அந்த வாகன நிறுத்தத்திலேயே மார்லிஸை உட்காரவைத்துக் கத்தச் சொன்னார்.

"இன்னும் பலமா, மார்லிஸ்."

"ஜனங்க பாக்குறாங்க, ஆர்லின்!"

"பாக்கட்டும். பயந்துபோனா எப்படிக் கத்துவியோ அப்படிக் கத்து."

பாதிரியார்கூட நின்று வேடிக்கை பார்த்தார். ஆர்லின் கொஞ்சம் வேகமாகப் போனால் மார்லிஸ் "எடுத்துக்கச் சொல்லட்டுமா?" என்று மிரட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைப்பார். வயசான மனுஷனின் புதுப் பொம்மை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மார்ச் மாதம், மைனாட்டில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அது நடந்தது. பட்டப்பகல். ரோட்டின் ஓரமெல்லாம் பனி. முன்னால் ஒரு தானிய லாரி போய்க்கொண்டிருந்தது. லைல் வீட்டுக் கூரையைப் பற்றி ஆர்லின் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. யோசிக்கிறார் என்று நினைத்தாளாம் மார்லிஸ். திரும்பிப் பார்த்தால் தலை நெஞ்சில் தொங்குகிறது. கால் ஆக்ஸிலரேட்டரில் கிடக்கிறது. லாரியின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வருகிறது.

"ஆர்லின்! ஆர்லின்!" என்றுதான் வாயில் வந்தது. அந்த இரண்டு வார்த்தை வரவே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு எங்கிருந்தோ வந்தது.

"எடுத்துக்கோ! நீ எடுத்துக்கோ!"

"வண்டி என் கையில இருக்கு. ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்றது கார், கடையில் பில் போடுகிற பெண் மாதிரி அமைதியாக. அவருடைய கைகள் பக்கவாட்டில் தொங்க, ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. அதைப் பார்த்ததுதான் இன்னும் கனவில் வருகிறது என்பாள். லாரியை உரசுகிற தூரத்தில் விலகி, வேகம் குறைந்து, ஓரத்துப் பனியில் சக்கரம் அரைபட, கார் நின்றது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆர்லின் கண்ணைத் திறந்துவிட்டார். "என்ன, வீடு வந்துருச்சா?" என்று கேட்டாராம்.

எனக்கு மைனாட் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மார்லிஸை வீட்டுக்குக் கொண்டுவர யாருமில்லை, அவளுக்கு ஓட்டவும் தெரியாது. சிக்னியைப் பள்ளியிலிருந்து அப்படியே ஏற்றிக்கொண்டு போனேன். அவருடைய இதயம் நடுநடுவே சில நொடி துடிக்காமல் நின்றுவிடுகிறது, சின்னக் கருவி ஒன்றை நெஞ்சுக்குள் வைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் அம்மாள் சொன்னாளாம். இதற்கு முன்னால் இப்படி வந்ததுண்டா என்று கேட்டதற்கு ஆர்லின் இல்லை என்றாராம்.

"முதல் தடவையே நான் பக்கத்துல இருந்தேன் பாரு. அதுவே கடவுள் செயல்" என்றாள் மார்லிஸ், காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே.

மைனாட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு பின்சீட்டிலிருந்து சிக்னி கேட்டாள்: "இந்தத் தடவையும் கார் நல்லா நின்னுச்சா, மார்லிஸ் ஆன்ட்டி?"

"நின்னுச்சு கண்ணு" என்றாள் மார்லிஸ். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "இந்தத் தடவையுமா?"

கண்ணாடியில் பார்த்தேன். சிக்னி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. "சிக்னி, என்ன சொன்னே?"

"சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"யாருகிட்ட?"

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள். கார் வாங்கின புதிதில் ஆர்லின் மாமா அவளையும் கத்தவைத்தாராம், ஒரு விளையாட்டு என்று. "நான் தூங்கறமாதிரி நடிப்பேன், நீ கத்தணும்." ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பயிற்சிக்குப் போகிற வழியில், அவர் தூங்கினார். நடிக்கிறார் என்று நினைத்து முதலில் சிரித்தாளாம். கார் எதிர்ப்பக்கத்துக்குப் போனதும் கத்தினாள். கார் நின்றது. முழித்ததும், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அவரே காரிடம் சொன்னார். "என் முகத்தைத் துடைச்சுவிட்டாரு. ஜெயிச்சுட்டே முதலாளின்னு சொன்னாரு. சூடா சாக்லேட் வாங்கித் தந்தாரு. அம்மாகிட்டச் சொன்னா உன்னைக் கூட்டிட்டுப் போக விடமாட்டாங்கன்னாரு."

லாரிகள் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கார் ஆடியது. நான் பின்சீட்டுக்குப் போய் அவள் கை, கழுத்து, முகம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். நடந்து இரண்டு மாதமாகியிருந்தது. இருந்தாலும் அப்போதுதான் நடந்ததுபோல அடிபட்ட இடத்தைத் தேடினேன்.

மார்லிஸ் முன்சீட்டிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்தாள். "திருப்பு" என்றாள்.

"மார்லிஸ்..."

"ஆஸ்பத்திரிக்குத் திருப்பு, ரெனே."

சிக்னியை நர்ஸ் ஒருத்தியிடம் விட்டுவிட்டு உள்ளே போனோம். ஆர்லின் ஆரஞ்சு ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு மார்லிஸின் முகத்தைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை?"

"என்ன எத்தனை?"

"பொண்ணு சொல்லிட்டா, ஆர்லின்."

அவர் ஜெல்லித் தட்டைத் தள்ளி வைத்தார். மூன்று தடவை, என்றார். முதல் தடவை கோடையில், தபால் போடும்போது. நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் அந்தக் காரை வாங்கியிருக்கிறார்.

"டாக்டர்கிட்டப் போகாம கார் வாங்கினியா?"

"போனா ஓட்டக்கூடாதும்பாங்க. வேலை போயிரும். உன்னை யாரு வேலைக்குக் கொண்டுபோய் விடுவா? சர்ச்சுக்கு, கடைக்கு, உன் தம்பி வீட்டுக்கு? நீ தொடமாட்டே. அதான்..."

"என் தலையில கட்டாதே!" மார்லிஸ் கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "நடந்து போயிருப்பேன். பனியில ஊர்ந்து போயிருப்பேன். உன்னை யாரு கேட்டா? ஒரு குழந்தையைக் காவலுக்கு வச்சுக்கிட்டு ஓட்டச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். "ரெனே, அவளுக்கு நல்லாவே சொல்லிக் குடுத்திருந்தேன். கார் தவறாது..."

நிறைய திட்டவேண்டும் என்றுதான் உள்ளே போனேன். "அவளுக்கு ஒன்பது வயசு, ஆர்லின்" என்றேன். அதற்குமேல் அங்கே நிற்கமுடியாமல் வெளியே வந்துவிட்டேன். மார்லிஸ் டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஆர்லின் முன்னாலேயே சொன்னாள். ஆர்லின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாராம்.

நெஞ்சில் கருவி வைத்தார்கள். மறுபடி சொல்லும்வரை ஓட்டக்கூடாது என்றார்கள். தபால் வேலை போயிற்று. ஏப்ரலில் பனி உருகியதும் மார்லிஸ் என் கதவைத் தட்டினாள்.

"எனக்கு ஓட்டச் சொல்லிக் குடு. உன்னைக் கேக்க எனக்கு மூஞ்சி இல்லை. ஆனா வேற யாரைக் கேட்பேன்?"

ஆர்லினிடம் நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவளிடம் எனக்கு என்ன கோபம்? பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில், என் பழைய காரில், சாயங்காலங்களில் உட்கார்ந்தோம். முதல் நாள் சாவியைத் திருப்பக்கூட அவளால் முடியவில்லை. பின்பக்கம் எடுக்கச் சொன்னால் இறங்கிப் போய்ப் பின்னால் யாருமில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு வருவாள். ஏறி உட்கார்ந்து, மறுபடி இறங்குவாள். டெல்மர்கூடச் சீண்டவில்லை. தேர்வில் இரண்டு தடவை தோற்றாள். ஜூலையில் தேறினாள்.

சிக்னிதான் வெகுநாள் சரியாகவில்லை. ரகசியத்தைச் சொன்னதால்தான் ஆர்லின் மாமாவுக்கு வேலை போனது என்று நம்பிக்கொண்டிருந்தாள். காரில் நான் கொட்டாவி விட்டாலும் போதும், "அம்மா!" என்று தோளைப் பிடிப்பாள். அதைக் கேட்டு மார்லிஸ் ஒரு நாள் ஆர்லினைக் கையைப் பிடித்து எங்கள் சமையலறைக்கு இழுத்து வந்தாள். அவர் இளைத்துப்போயிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சிக்னிக்கு எதிரில் சிரமப்பட்டு மண்டியிட்டார்.

"நீ சொன்னது சரி. ரொம்ப சரி. சொல்லாதேன்னு நான் சொன்னதுதான் தப்பு. பெரியவங்க யாராச்சும் ரகசியம்னு சொன்னா நேரா அம்மாகிட்ட ஓடு. நான் சொன்னாலும் ஓடு."

"இப்ப நீங்க தூங்கமாட்டீங்களா?"

"ராத்திரி மட்டும் தூங்குவேன்."

அவள் அவர் சட்டைக்கு மேலே, கருவி இருக்கிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இலையுதிர்காலத்தில் டாக்டர் அவரை ஓட்டலாம் என்றுவிட்டார். மார்லிஸ் சாவியைக் கொடுக்கவில்லை. அந்தக் காரை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கினாள். ஆர்லின் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். அவள் ஓட்டுகிற வேகத்துக்குப் பின்னால் லாரிகள் வரிசை கட்டி வரும், ஹார்ன் அடிக்கும், அவள் கேட்கமாட்டாள்.

ஹாக்கி மறுபடி ஆரம்பித்ததும், "நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். முதலில் முடியாது என்றேன். பேக்கரியில் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு நானே கொண்டுபோனேன். டிசம்பரில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அன்றைக்கு மார்லிஸ் மட்டும் தனியாக வந்தாள். ஆர்லின் வீட்டில் இருந்தார், அவராகவே இருந்துவிட்டார். சிக்னி பின்சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டியதும் மார்லிஸ் இறங்கிக் காரைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஏறினாள். தெரு முனையில் திரும்பும்வரை நான் போர்வையோடு வாசலிலேயே நின்றேன். அவர்கள் திரும்பி வரும்வரை படுக்கவுமில்லை.